பதில் வழியில் தொலைந்தால்: மலைப் பகுதி ஆப்களும் ஏபிஐ சோதனைக் கருவிகளும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு பசுந்தேயிலைக் கொள்முதல் நிலையம் என்று வைத்துக்கொள்வோம். மாலை நாலரை மணி, பனி இறங்கிவிட்டது. சிறு விவசாயி ஒருவரின் சாக்கு தராசில் ஏறுகிறது: 14 கிலோ 200 கிராம். எடை போடுபவர் போனில் உறுப்பினர் எண்ணைத் தட்டி, எடையைப் பதிந்து, 'அனுப்பு' என்பதை அழுத்துகிறார். வட்டம் சுற்றுகிறது. பத்து நொடி கழித்து 'அனுப்ப முடியவில்லை' என்கிறது. மறுபடி அழுத்தினால் பச்சை டிக். மாதக் கடைசியில் கணக்கைப் பார்த்தால் அதே 14.2 கிலோ இரண்டு வரியாக ஏறியிருக்கிறது.

நடந்தது இதுதான். முதல் ரிக்வெஸ்ட் சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. டேட்டாபேஸில் பதிவும் ஆகிவிட்டது. 'பதிந்தாயிற்று' என்று சர்வர் அனுப்பிய பதில்தான் போனுக்கு வந்து சேரவில்லை. போனைப் பொறுத்தவரை ரிக்வெஸ்ட் போகாததும் பதில் வராததும் ஒன்றுதான். சர்வரைப் பொறுத்தவரை இரண்டும் இரண்டு எடைச்சீட்டு. இந்தத் தவறு சீக்கிரம் கண்ணில் படவும் படாது. ஒரு கிலோ தூளுக்கு நாலு முதல் நாலரைக் கிலோ வரை பசுந்தேயிலை என்று தொழிற்சாலையில் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். டன் கணக்கில் இலை வருகிற இடத்தில் 14 கிலோ அந்த இடைவெளிக்குள்ளேயே மறைந்துவிடும்.

இந்த ஏபிஐயை, அதாவது ஆப்பும் சர்வரும் பேசிக்கொள்ளும் வாசலை, எழுதியவர் சோதிக்காமல் விட்டிருக்க மாட்டார். போஸ்ட்மேன் என்ற சோதனைக் கருவியைத் திறந்து, எடையைப் போட்டு, அனுப்பிப் பார்த்திருப்பார். 'புதிதாகப் பதிந்தாயிற்று' என்று பொருள்படும் 201 வந்திருக்கும். ஒரு ரிக்வெஸ்ட், ஒரு பதில், இடையில் நல்ல வைஃபை. அந்தக் கருவி கேட்கிற கேள்வியே அவ்வளவுதான். எந்தக் கருவி நல்லது என்று விவாதிப்பதைவிட, எது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் மலையில் உதவும்.

எல்லோரும் முதலில் திறப்பது

போஸ்ட்மேன், 2012-இல் அபினவ் அஸ்தானா குரோம் பிரவுசருக்கான சிறு நீட்சியாக வெளியிட்டது. பிறகு பெங்களூரிலிருந்து நிறுவனமாக வளர்ந்தது. அதன் பலம், ரிக்வெஸ்ட்களைத் தொகுப்பாகச் சேர்த்து வைப்பதும், சோதனைச் சர்வர், உண்மைச் சர்வர் என்று முகவரிகளை மாற்றிப் போட்டு ஓட்டுவதும். பதில் வந்ததும் ஜாவாஸ்கிரிப்டில் நாலு வரி எழுதிச் சரிபார்க்கவும் முடியும். இதே வேலையை இன்சோம்னியா, ஹாப்ஸ்காட்ச், புரூனோ ஆகியவையும் செய்கின்றன. ஹாப்ஸ்காட்ச் பிரவுசருக்குள்ளேயே ஓடுவது. கேரளத்து லியாஸ் தாமஸ் 'போஸ்ட்வுமன்' என்ற பெயரில் தொடங்கியது.

2023-இல் ஒரு திருப்பம் வந்தது. போஸ்ட்மேன் கணக்கு இல்லாமல் வேலை செய்கிற 'ஸ்கிராட்ச் பேட்' முறையை நிறுத்தியது. இன்சோம்னியாவும் அதன் 8-ஆம் பதிப்பில் லாகின் கேட்டது. பயனர்கள் எதிர்த்த பிறகு கணினியிலேயே சேமிக்கும் வழியைத் திரும்பக் கொடுத்தது. சென்னையிலோ கோவையிலோ இருப்பவருக்கு இது கொள்கைப் பிரச்சினை. மரம் சாய்ந்து கேபிள் அறுந்த நாளில் குன்னூரில் உட்கார்ந்திருப்பவருக்கு இது அன்றைய வேலைப் பிரச்சினை. தவிர, விவசாயிகளின் வங்கிக் கணக்கு விவரம் தொடுகிற ஏபிஐ என்றால், அதன் டோக்கன்கள் (நுழைவுச் சாவிகள்) வேறொருவர் கிளவுடில் ஒத்திசைந்து கிடப்பதும் நல்லதல்ல.

இந்த ஒரு காரணத்துக்காகவே சிறு குழுக்களுக்குப் புரூனோ பொருத்தம். அது ஒவ்வொரு ரிக்வெஸ்டையும் ஃபோல்டருக்குள் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக வைக்கிறது. நிரலோடு சேர்த்து, மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் 'கிட்' கருவியில் போட்டுவிடலாம். யார் எந்தச் சோதனையை எப்போது மாற்றினார் என்பது வரிவரியாகத் தெரியும். நெட் இல்லாமலும் திறக்கும்.

இந்தக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பொறி உண்டு. முகவரியைப் பழைய எச்டிடிபியில் கொடுத்தால் சர்வர் 301 அனுப்பி எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பும். அப்படித் திரும்பும்போது போஸ்ட் (பதியச் சொல்லும்) ரிக்வெஸ்ட் கெட் (படிக்கக் கேட்கும்) ரிக்வெஸ்டாக மாறி, உடம்பில் இருந்த எடை விவரம் கழன்றுவிடும். விளைவு 405 ('இந்த முறை இங்கே செல்லாது'), அல்லது அதைவிட மோசமாக, காலிப் பட்டியலோடு ஒரு 200 ('எல்லாம் சரி'). முறை மாறாமல் திருப்ப வேண்டுமென்றால் 307 அல்லது 308 வேண்டும். இன்னொன்று: போஸ்ட்மேனில் ஓடுகிறது, பிரவுசரில் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் அது கோர்ஸ். வேறு டொமைனிலிருந்து வரும் பதிலைப் படிக்கலாமா என்று கேட்டுத் தடுப்பது பிரவுசரின் வேலை. தனி ஆப்பாக ஓடும் கருவிகள் அதைக் கேட்பதே இல்லை.

கர்ல்: நேரம் எங்கே போகிறது

டேனியல் ஸ்டென்பெர்க் 1998-இல் வெளியிட்ட, கட்டளை வரியில் ஓடும் கர்ல் இன்றைக்கும் கூர்மையானது. அதில் 'மைனஸ் டபிள்யூ' என்ற தேர்வைக் கொடுத்தால், ரிக்வெஸ்ட் எடுத்துக்கொண்ட நேரத்தைத் துண்டு துண்டாகச் சொல்லும்: டிஎன்எஸ் (பெயரை வைத்து முகவரி தேடுவது) முடிந்த நேரம், டிசிபி (அடிப்படை இணைப்பு) இணைந்த நேரம், டிஎல்எஸ் (பூட்டிப் பேச ஒத்துக்கொள்வது) முடிந்த நேரம், முதல் பைட் வந்த நேரம், மொத்தம்.

மலையில் இந்த ஐந்து எண்களும் பேசும். போனிலிருந்து சர்வருக்குப் போய்வர 300 மில்லி செகண்ட் ஆகிறது என்று கொள்வோம். டிசிபி இணைப்புக்கு ஒரு போய்வரல், டிஎல்எஸ் 1.2-க்கு இரண்டு, ரிக்வெஸ்டுக்கு ஒன்று. டிஎன்எஸ்ஸைக் கணக்கில் சேர்க்காமலே 1.2 செகண்ட் போய்விட்டது. சர்வர் இன்னும் ஒரு வேலையும் செய்யவில்லை. டிஎல்எஸ் 1.3 என்றால் ஒரு போய்வரல் மிச்சம், 0.9 செகண்ட். இணைப்பை மூடாமல் அடுத்த சீட்டையும் அதிலேயே அனுப்பினால் 0.3. ஆக, 'ஆப் மெதுவாக இருக்கிறது' என்று புகார் வந்ததும் டேட்டாபேஸைக் கிண்டத் தொடங்குவது அவசரம். டிஎல்எஸ் முடிந்ததற்கும் முதல் பைட்டுக்கும் இடையில் ஒரு போய்வரலைக் கழித்த பிறகும் நிறைய மிஞ்சினால் மட்டும் சர்வர்ப் பக்கம் போகலாம்.

கர்லுக்கு மொத்த நேர வரம்பு எதுவும் இயல்பில் கிடையாது. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்துக்கும் இல்லை, ஆக்சியோஸுக்கும் இல்லை. ஆண்ட்ராய்டில் பலர் பயன்படுத்தும் ஓகேஎச்டிடிபியில் இணைக்க, படிக்க, எழுத என்று தனித்தனியே 10 செகண்ட். முன்னே சொன்ன காட்சியில் பத்து நொடி கழித்துச் செய்தி வந்ததற்கு அதுதான் காரணமாக இருந்திருக்கும். யாரும் யோசித்து வைத்த எண் அல்ல அது.

விண்டோஸில் ஒரு சின்னத் தொல்லை. கமாண்ட் பிராம்ப்ட்டுக்கு ஒற்றை மேற்கோள் புரியாது. இணையத்தில் கிடைக்கும் கர்ல் கட்டளையை அப்படியே ஒட்டினால் ஜேசன் (விவரங்களை அனுப்பும் டெக்ஸ்ட் வடிவம்) சிதறிப்போகும். பழைய பவர்ஷெல்லில் 'கர்ல்' என்று அடித்தால் ஓடுவது கர்லே அல்ல, மைக்ரோசாஃப்டின் வேறொரு கட்டளை. 'கர்ல் டாட் இஎக்ஸ்இ' என்று முழுதாக அடிக்க வேண்டும். ஜேசனை ஒரு ஃபைலில் எழுதி, 'அட்' குறி போட்டு அந்த ஃபைலைச் சுட்டினால் மேற்கோள் தொல்லை இல்லை. தமிழ் எழுத்துகளும் உடையாமல் போகும்.

ஒப்பந்தம் முதலில்

நிரலுக்கு முன்னால் எழுத வேண்டியது ஓப்பன்ஏபிஐ ஃபைல். எந்த முகவரிக்கு என்ன அனுப்பலாம், என்ன திரும்ப வரும் என்று யாமல் என்ற டெக்ஸ்ட் வடிவில் எழுதி வைக்கும் ஒப்பந்தம் அது. 'ஸ்வாகர்' என்று தொடங்கி, 2015-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் கீழ் போன பிறகு இந்தப் பெயரைப் பெற்றது. 3.0 பதிப்பு 2017-இல், 3.1 2021-இல். 3.0-இல் 'காலியாகவும் இருக்கலாம்' என்பதற்குத் தனிச் சொல் உண்டு, 3.1-இல் அது போய், 'நல்' (காலி மதிப்பு) என்பதும் வகைகளில் ஒன்றாகிவிட்டது. கருவி ஒரு பதிப்பையும் ஃபைல் இன்னொன்றையும் பேசினால் சோதனை அர்த்தமில்லாமல் தோற்கும்.

எடைச்சீட்டு ஏபிஐக்கு ஒப்பந்தம் எழுதும்போதே இரண்டு முடிவுகள் எடுத்தாக வேண்டும். ஒன்று, உறுப்பினர் எண் எழுத்துச்சரமாக இருக்க வேண்டும், எண்ணாக அல்ல. 0123 என்ற உறுப்பினரை எண்ணாக அனுப்பினால் ஜேசனில் அது செல்லவே செல்லாது. முன்னால் பூஜ்யம் கூடாது. யாமல் எடுத்துக்காட்டில் மேற்கோள் இல்லாமல் எழுதினால் இன்னும் வேடிக்கை: யாமல் 1.1 விதியில் அதை எட்டடிமான எண்ணாகப் படித்து 83 என்று மாற்றிவிடும்.

இரண்டாவது, எடை கிராமில், முழு எண்ணாக. 14.2 கிலோ என்பது 14200. பெரும்பாலான தசம எண்களை இரண்டடிமானத்தில் துல்லியமாக வைக்க முடியாது, ஜாவாஸ்கிரிப்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். 4.35-ஐ 100-ஆல் பெருக்கினால் 434.99999999999994, பின்னத்தை வெட்டினால் 434. ஒரு சீட்டில் ஒன்றும் தெரியாது. மாதம் முழுக்கக் கூட்டி, ஈரத்துக்கான கழிவைச் சதவீதத்தில் கழித்து, விலையால் பெருக்கும்போது ஆலைக் கணக்கும் விவசாயி கையில் உள்ள சீட்டுகளின் கூட்டலும் சில ரூபாய் இடிக்கும். சில ரூபாய்க்குத்தான் சண்டை வரும்.

ஒப்பந்தம் தயாரானதும் பிரிசம் என்ற கருவியிடம் கொடுத்தால், சர்வர் எழுதப்படும் முன்பே 4010 போர்ட்டில் ஒரு போலிச் சர்வர் எழுந்து நிற்கும். ஆப் எழுதுபவர் அதோடு பேசிக்கொண்டு வேலையைத் தொடரலாம். ரிக்வெஸ்டில் 'பிரிஃபர்' ஹெட்டர் போட்டு 422 ('விவரம் ஏற்க முடியாதது') வேண்டும் என்று கேட்டால் 422-ஐயே தரும். தவறான பதில் வந்தால் திரை என்ன காட்டும் என்று பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது.

போனிலிருந்து இந்தப் போலிச் சர்வரை எட்டுவதில்தான் பாதிப் பேர் ஒரு மத்தியானத்தைத் தொலைப்பார்கள். ஆண்ட்ராய்டு எமுலேட்டருக்குள் (கணினியில் ஓடும் போலிப் போன்) 'லோக்கல்ஹோஸ்ட்' என்றால் அது எமுலேட்டரையே குறிக்கும். உங்கள் கணினியின் முகவரி 10.0.2.2. யூஎஸ்பியில் செருகிய நிஜப் போன் என்றால் ஏடிபி ரிவர்ஸ் கட்டளையால் 4010-ஐ 4010-க்குத் திருப்பிவிடலாம். ஆண்ட்ராய்டு 9 முதல் எச்டிடிபிஎஸ் இல்லாத இணைப்பை ஆப் இயல்பாகவே மறுத்துவிடும். சோதனைப் பதிப்புக்கு மட்டும் அதைத் திறந்துவிட வேண்டும். ஆப் அனுப்புவதை இடைமறித்துப் பார்க்க மிட்ம்பிராக்ஸி போடுபவர்கள் இன்னொரு தடையைச் சந்திப்பார்கள்: ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் சேர்த்த சான்றிதழை ஆப்கள் தாமாக நம்புவதில்லை. அதற்கும் சோதனைப் பதிப்பின் நெட்வொர்க் பாதுகாப்பு ஃபைலில்தான் அனுமதி எழுத வேண்டும்.

பதிலை மட்டும் தொலைப்பது எப்படி

இப்போது முதலில் சொன்ன இரட்டைப் பதிவுக்கு வருவோம். பலர் செய்யும் சோதனை, போனை ஏர்ப்ளேன் மோடில் போட்டு 'அனுப்பு' அழுத்துவது. ஆப் உடனே பிழை காட்டும், வரிசையில் வைக்கும், மோடை எடுத்ததும் அனுப்பும். எல்லாம் சரி. ஆனால் அது பொய்யான ஆறுதல். ஏர்ப்ளேன் மோடில் ரிக்வெஸ்ட் போனை விட்டு வெளியே போகவே இல்லை. பிழையும் அந்தக் கணமே வந்துவிட்டது. பள்ளத்தாக்கு மடிப்பில் நடப்பது வேறு: ரிக்வெஸ்ட் போய்விடும், இணைப்பு செத்தது யாருக்கும் தெரியாது, இரண்டு பக்கமும் காத்துக்கொண்டிருக்கும்.

இதைச் செயற்கையாக உண்டாக்க ஷாப்பிஃபை வெளியிட்ட, நடுவில் நின்று இணைப்பைக் கெடுத்துக்காட்டும் டாக்ஸிபிராக்ஸி இருக்கிறது. சர்வர் 3000 போர்ட்டில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்ஸிபிராக்ஸியை ஓடவிட்டு (அதன் சொந்தக் கட்டுப்பாட்டு போர்ட் 8474), 3100-இல் கேட்டு 3000-க்கு அனுப்பும் ஒரு பிராக்ஸியை உருவாக்குங்கள். ஆப்பின் முகவரியை 10.0.2.2, போர்ட் 3100 என்று மாற்றுங்கள். எந்த விஷமும் (வேண்டுமென்றே கலக்கும் கோளாறுக்கு அந்தக் கருவி வைத்த பெயர்) சேர்க்காமல் ஒரு சீட்டு அனுப்பி, 201 வருகிறதா, டேபிளில் ஒரு வரி ஏறுகிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போனால் பிறகு எது கெட்டது என்று தெரியாது.

அடுத்து 'டைம்அவுட்' என்ற விஷத்தைச் சேர்க்க வேண்டும். திசை 'டவுன்ஸ்ட்ரீம்', மதிப்பு 0. டவுன்ஸ்ட்ரீம் என்றால் சர்வரிலிருந்து போனுக்கு வரும் பக்கம். மதிப்பு 0 என்றால் டேட்டா ஒன்றும் வராது, இணைப்பும் மூடாது. சிக்னல் செத்த போனின் நிலை அச்சாக இதுதான். இப்போது 14200 கிராம் சீட்டை அனுப்புங்கள். வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே டேட்டாபேஸைப் பாருங்கள்: வரி ஏறிவிட்டிருக்கும். பத்து செகண்டில் ஆப் தோல்வி என்று சொல்லும். விஷத்தை நீக்கி, ஆப்பை மறுபடி அனுப்பவிடுங்கள். டேபிளில் இரண்டு வரி இருந்தால் பிழை கையும் களவுமாகப் பிடிபட்டது.

பிறகு அதே சோதனையைத் திசையை மட்டும் 'அப்ஸ்ட்ரீம்' என்று மாற்றி ஓட்ட வேண்டும். இப்போது ரிக்வெஸ்டே சர்வருக்குப் போகாது, டேபிள் காலி, மறுமுயற்சிக்குப் பின் ஒரு வரி. போனின் திரையில் இரண்டு சோதனைக்கும் ஒரே காட்சிதான் தெரிந்திருக்கும். இரண்டிலும் கடைசியில் ஒரே ஒரு வரி நின்றால்தான் ஏபிஐ சரி.

தீர்வு பழையதே. எடையைப் பதியும் கணத்தில் போன் 36 எழுத்துள்ள ஒரு யூயூஐடியை (வேறெதற்கும் வராத அடையாள எண்) உண்டாக்கி, சீட்டோடு சேர்த்துத் தன் உள் டேட்டாபேஸான எஸ்க்யூலைட்டில் எழுதிவைக்க வேண்டும். அனுப்பும் நேரத்தில் உண்டாக்கினால் பயனில்லை. ஒவ்வொரு முயற்சிக்கும் புது எண் வந்து, தடுக்க வந்த பூட்டே சாவியாகிவிடும். சர்வர் அந்த எண்ணை ஏற்கெனவே பார்த்திருந்தால் புதிதாக எழுதாமல் பழைய பதிலையே தர வேண்டும். அதே எண்ணோடு வேறு எடை வந்தால் 422. 'ஐடம்பொடென்சி கீ' என்ற ஹெட்டராக இதை அனுப்பும் வழக்கத்தைப் பரப்பியது பணப் பரிமாற்ற நிறுவனமான ஸ்ட்ரைப். எடைச்சீட்டு மாதிரி எளிய விஷயத்துக்கு அந்த ஹெட்டரைவிட, யூயூஐடியையே முகவரியில் வைத்து போஸ்டுக்குப் பதில் புட் ('இந்த முகவரியில் இதை வை' என்பது) அனுப்புவது நேர்வழி. ஒரே புட்டை எத்தனை முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றாக இருக்க வேண்டும் என்பது எச்டிடிபியின் விதியிலேயே இருக்கிறது. போஸ்டுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

இங்கேயும் ஒரு ஓட்டை. 'இந்த எண் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் எழுது' என்று நிரலில் எழுதினால், ஒரே கணத்தில் வந்த இரண்டு ரிக்வெஸ்டும் 'இல்லை' என்று பார்த்து இரண்டும் எழுதிவிடும். ஓகேஎச்டிடிபிக்கு இணைப்பு முறிந்தால் தானே மறுபடி முயலும் பழக்கம் இயல்பிலேயே உண்டு என்பதால் இது வெறும் ஏட்டுச் சந்தேகம் அல்ல. டேட்டாபேஸிலேயே, ஒரே எண் இரண்டு முறை ஏறாமல் தடுக்கும் யூனிக் இண்டெக்ஸ் போட வேண்டும். சோதிக்க, கர்லின் இணையோட்டத் தேர்வால் ஒரே எண்ணோடு 20 ரிக்வெஸ்டை ஒன்றாக விட்டு, வரிகளை எண்ணிப் பாருங்கள்.

டாக்ஸிபிராக்ஸி டிசிபி மட்டத்தில் வேலை செய்வதால் எச்டிடிபிஎஸ் வழியாக வைத்தால் சான்றிதழில் உள்ள பெயர் பொருந்தாமல் முரண்டு பிடிக்கும். சோதனைக்கு வெறும் எச்டிடிபியே போதும். சர்வரே இல்லாமல் பிழைகளைக் காட்டிப்பார்க்க வேண்டுமென்றால் வயர்மாக் இருக்கிறது. தாமதம், காலிப் பதில், பாதியில் அறுந்த இணைப்பு எல்லாவற்றையும் ஒரு ஜேசன் வரியில் கேட்கலாம்.

தமிழ் ஊர்ப் பெயர்கள்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் எளிதில் கிடைக்காத சோதனை இது. 'கோத்தகிரி' என்ற சொல்லில் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் 9 குறியீடுகள். யூடிஎஃப் 8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட், ஆக 27 பைட். முகவரிக்குள் சதவீதக் குறியாக்கம் செய்து போட்டால் 81 எழுத்து. 'ஊர்ப்பெயர் 20-க்குள்' என்று வரம்பு வைத்தவர் எதை எண்ணினார் என்று ஒப்பந்தத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

இதைவிட வில்லங்கமானது ஓகாரக் குறி. 'கோ'வில் உள்ள துணைக்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறி ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. இரண்டாவது வகையில் அடித்த 'கோத்தகிரி' 10 குறியீடு, 30 பைட். கணினிக்கு இரண்டும் வேறு ஊர். ஒரு விசைப்பலகையில் பதிந்த சோலூர் இன்னொன்றில் தேடினால் கிடைக்காது. கொலக்கம்பையின் 'கொ'வுக்கும் இதே கதை. சர்வர் உள்ளே வாங்கும்போதே, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவுக்கு மாற்றிவிட்டால் இது தீரும். சோதனைத் தொகுப்பில் இரண்டு வடிவிலும் ஒவ்வொரு ரிக்வெஸ்ட் இருக்க வேண்டும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது என்பதால் ஃபைல் பெயரிலேயே எழுதிவையுங்கள்.

என்எஃப்சி எல்லாவற்றையும் தீர்க்காது. 'ஊட்டி'யின் முதல் எழுத்தை 'உ'வையும் 'ள'வையும் சேர்த்து அடிப்பவர்கள் இருக்கிறார்கள். கோடநாடா கொடநாடா என்பதில் எழுதுகிறவர்களிடையே ஒற்றுமை இல்லை. ஊட்டி, உதகை, உதகமண்டலம் மூன்றும் ஒரே ஊர். ஆகையால் ஊருக்கு ஒரு குறியீட்டு எண் கொடுத்து ஏபிஐயில் அதை அனுப்பி, பெயரைக் காட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்வதே விவேகம். சீட்டை எஸ்எம்எஸ்ஸாகவும் அனுப்பினால், ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் ஒரு செய்தி தமிழில் 70 குறியீடுதான் கொள்ளும். நீண்டால் இரண்டு செய்திக் கட்டணம்.

நேரத்திலும் ஒரு கண் வேண்டும். நம் நேர மண்டலம் +05:30. இதை முகவரியின் கேள்விப் பகுதியில் அப்படியே போட்டால் அந்தக் கூட்டல் குறியை சர்வர் இடைவெளியாகப் படிக்கும். தேதி செல்லாமல் 400 வரும். கர்லில் 'டேட்டா யூஆர்எல்என்கோட்' தேர்வு அதைச் சரியாக மாற்றித் தரும். இன்னும் முக்கியம், எடை போட்ட நேரமும் சர்வருக்கு வந்த நேரமும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஜூன் 30 மாலை போட்ட எடை சிக்னல் கிடைத்து ஜூலை 1 விடிகாலை ஒரு மணிக்கு வந்து சேரலாம். பசுந்தேயிலைக்கு விலை மாதக் கணக்கில் வருகிறது. வந்த நேரத்தை வைத்துக் கணக்கிட்டால் விவசாயிக்கு வேறு மாதத்து விலை போய்விடும்.

சுமை: சராசரியைப் பார்க்காதீர்கள்

சுமைச் சோதனைக் கருவியான கே6 கிடைத்ததும் ஆயிரம் பயனர்களைப் போட்டு ஓட்டுவது ஒரு பழக்கம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 கொள்முதல் நிலையம், ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரத்தில் 60 சீட்டு. மொத்தம் 2400, ஒரு செகண்டுக்கு ஒன்றுகூட இல்லை. மேசைக்கடியில் கிடக்கும் பழைய கணினி இதைத் தாங்கும்.

உண்மையான சுமை மின்சாரமும் டவரும் திரும்பி வரும் கணத்தில் வருகிறது. மழையில் மூன்று மணி நேரம் அடங்கிக் கிடந்த 40 போனும் வரிசையில் வைத்திருந்ததை எல்லாம் ஒரே நேரத்தில் தள்ளும். ஆகவே கே6-இல் எழுத வேண்டியது: 'பெர் வியூ இட்டரேஷன்ஸ்' (ஒவ்வொரு போலிப் பயனருக்கும் இத்தனை சுற்று) முறை, 40 பயனர், ஆளுக்கு 180 சுற்று, இடையில் ஓய்வு இல்லாமல். வரம்பாக, நூற்றில் 95 ரிக்வெஸ்ட் 2 செகண்டுக்குள் முடிய வேண்டும், தோல்வி நூற்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்று வைக்கலாம். கே6 தன் இயல்பில் 200 முதல் 399 வரை தவிர எல்லாவற்றையும் தோல்வி என்றே எண்ணும். நீங்கள் வேண்டுமென்றே தரும் 409-ஐயும் ('முரண்படுகிறது') 429-ஐயும் ('அளவுக்கு மீறிக் கேட்கிறாய்') எதிர்பார்த்த பதில் என்று சொல்லிவைக்க வேண்டும். ஆப் பக்கம், மறுமுயற்சிகள் 2, 4, 8, 16 செகண்ட் என்று விரிய வேண்டும், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தாறுமாறு கலந்து. தாறுமாறு இல்லையென்றால் 40 போனும் ஒன்றாகவே ஓய்ந்து ஒன்றாகவே திரும்ப வரும்.

எண்ணிக்கை உச்சவரம்பு உள்ள ஏபிஐகளுக்குச் சோதனை வேறு. நீலகிரிக்கு வரும் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் என்ற முன் அனுமதி வந்தது. 2025 ஏப்ரலில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி வார நாளில் 6000, வார இறுதியில் 8000 வாகனம் என்று வரம்பும் வந்தது. அந்த அமைப்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது இங்கே பேச்சல்ல. ஆனால் இப்படி ஒரு வரம்பை நீங்கள் கட்டினால், 5999 பதிவோடு சோதனை டேட்டாபேஸை நிரப்பிவிட்டு, 50 ரிக்வெஸ்டை ஒன்றாக அனுப்புங்கள். ஒன்றுக்கு மட்டும் 201 வர வேண்டும், மற்ற 49-க்கு 409. சொந்தச் சர்வரில் மட்டும். அரசுத் தளத்தில் கே6 ஓட்டிப் பார்ப்பது சோதனை அல்ல, தாக்குதல்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஷெமதெசிஸ் உங்கள் ஓப்பன்ஏபிஐ ஃபைலைப் படித்து, காலி, மிகப்பெரிய எண், விசித்திர எழுத்து என்று தானே உண்டாக்கி அனுப்பி, சர்வரே தடுமாறி 500 வருகிற இடங்களைத் தோண்டும். அமைக்க அரை மணி நேரம், பலன் அதைவிடப் பல மடங்கு. ஒப்பந்தத்தை இரு பக்கமும் காக்கிறார்களா என்று சோதிக்கும் பேக்ட், பல குழுக்கள் பல சர்வர்களோடு பேசும் இடத்துக்கு. இரண்டு பேர் எழுதும் ஆப்புக்கு அது சுமை. போஸ்ட்மேன் தொகுப்பை அதன் கமாண்ட் லைன் கருவியான நியூமேனாலும், புரூனோ தொகுப்பை அதன் கமாண்ட் லைனாலும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக ஓடவிடலாம். சோதனை தோற்றால் அவை பூஜ்யமல்லாத எண்ணோடு வெளியேறும், வெளியீடு அங்கேயே நிற்கும். கூடலூர், பந்தலூருக்குத் தென்மேற்குப் பருவமும், குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமும் பெரிது என்பதால், புதுப் பதிப்பை ஜூனுக்கும் அக்டோபருக்கும் முன்பே அந்தந்தப் பக்கம் இறக்கிவிடுவது நல்லது.

வெளியிட்ட பிறகு பார்க்க வேண்டியது, உங்கள் நிரலுக்கு முன்னால் நின்று ரிக்வெஸ்டை வாங்கும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் லாக் (பதிவேடு). அதில் 499 என்று ஓர் எண் வரும். எச்டிடிபி விதிப் புத்தகத்தில் இல்லாத, என்ஜின்எக்ஸ் தனக்கென்று வைத்துக்கொண்ட எண். சர்வர் பதில் தரும் முன்பே போன் இணைப்பை மூடிவிட்டது என்று அர்த்தம். ஒரு நாளின் 499-களை எடுத்து, அவற்றின் யூயூஐடி அடுத்த சில நிமிடங்களில் 200 அல்லது 201-உடன் திரும்ப வந்திருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். முகவரியிலேயே யூயூஐடி இருந்தால் லாகில் நேரடியாகத் தெரியும். போஸ்டின் உடம்புக்குள் இருந்தால் தெரியாது, என்ஜின்எக்ஸ் அதை எழுதுவதில்லை. சிக்னல் தொங்கி போன் மௌனமாகவே கைவிட்டிருந்தால் 499-உம் விழாது. சர்வர் 201 தந்ததாகவே லாக் சொல்லும், அதே யூயூஐடி மட்டும் இரண்டாம் முறை வந்து நிற்கும். எந்தக் கொள்முதல் நிலையத்திலிருந்து அப்படி அதிகம் வருகிறது என்று ஒரு வாரம் எண்ணினால், டவரை எட்டாத மடிப்பு எது என்று வரைபடமே போட்டுவிடலாம்.